பாதி எழுத்து தெரிந்த பெரியம்மா

மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் போய்த் தையல்நாயகி வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மாவுக்காரம்மா வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். தெருமுனையிலேயே கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்கும். காலையில் அரிசி ஊறப்போட்டு, மத்தியானம் அரைத்து, சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களுக்கு இட்லி மாவு ஊற்றிக் கொடுப்பாள். தாராளமான கை. குழந்தை இருக்கிற வீடு என்றால் ஒரு கரண்டி கூடவே விழும்.

அவளுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவள் ஏறாத கோயில் இல்லை, இருக்காத விரதம் இல்லை. நாற்பது வயது தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டாள். "குடுக்கணும்னு இருந்தா குடுத்திருப்பா. அவளப் போயி தொந்தரவு பண்ணிகினே இருக்கக் கூடாது" என்று அம்பாளைப் பற்றி, ஏதோ பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிப் பேசுவது போலச் சொல்வாள்.

கேட்பதை நிறுத்தின பிறகுதான் எழில் வந்தாள். வந்த விதம் யாருக்கும் வரக்கூடாத விதம். தங்கை ஜோதிலட்சுமிக்கு மஞ்சள் காமாலை. நாட்டு மருந்தா, ஆஸ்பத்திரியா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே முற்றிவிட்டது. ஜோதியை எடுத்துக்கொண்டு போன அன்று, ஒன்றரை வயது எழில் கூட்டத்தில் யார் யார் இடுப்பிலோ மாறி மாறி, கடைசியில் பெரியம்மா இடுப்பில் வந்து தூங்கிப்போனாள். அப்படியே தங்கிவிட்டாள். தகப்பன் அருண்ராஜுக்கு மறைமலைநகர்ப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ராத்திரி வேலைக்குப் போகிற ஆம்பிளை கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? "கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்க்கா" என்றான். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று அப்போது யாரும் பேசவில்லை.

பிள்ளை பேசவில்லை. மூன்று வயது நெருங்கியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மாவு வாங்க வருகிறவர்கள், "இன்னும் பேசலியா?" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊமையாகப் போய்விடுமோ என்று தையல்நாயகி பயந்தாள். கேட்பதில்லை என்று விட்டிருந்தவள் மறுபடியும் அம்பாள் சந்நிதியில் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இந்தப் புள்ள வாயத் தெறக்கட்டும். நாலு பேரப்போல எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். படிக்கிற அன்னிக்கு உனக்கு அரக்குக் கரை போட்ட பொடவ சாத்தறேன்."

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் எழில் வாயைத் திறந்தாள். அம்மா என்று சொல்லவில்லை, அப்பா என்று சொல்லவில்லை. வாசலில் தூக்கோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "மாவு!" என்று கத்தினாள்.

தையல்நாயகியின் வீட்டுக்காரர் சேட்டு, கொத்து வேலை மேஸ்திரி. சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் எழும்புகிற வீடுகளில் பாதிக்கு அவர் கைச் சுண்ணாம்பு இருக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் அன்று சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. "பாத்தியா நாயகி, வியாபாரத்துக்கு ஆளு வந்துட்சி!"

வேண்டுதலில் பாதி நிறைவேறிவிட்டது. மீதிப் பாதி படிப்பு. அதை அம்பாள் தலையில் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? எழிலுக்கு நாலு வயது முடிந்ததும் தையல்நாயகி தானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். அவள் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் படித்தது கெட்டியாகப் படித்தது. பள்ளிக்கூடம் பக்கம் போகப் பயந்து அழுத ஜோதிக்கு வீட்டிலேயே எழுத்து சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

அவளுடைய பாடம் நடக்கிற இடம் அடுப்படிதான். அரைத்து முடித்துக் கிரைண்டரைக் கழுவும்போது வெள்ளையாக மாவுத்தண்ணி மிஞ்சும். அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து, மேடையின் கறுப்புக் கடப்பைக் கல்லில் விரலால் எழுதிக் காட்டுவாள். எழுதும்போது ஒன்றும் தெரியாது. மின்விசிறிக் காற்றில் காயக் காய எழுத்து வெள்ளையாக மேலே வரும். எழில் மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எழுத்து வருவதற்குக் காத்திருப்பாள். வந்ததும் கைதட்டுவாள். "ஆனா வந்துட்சி பெரிம்மா!" அடுத்த நாள் அதே கல்லில்தான் அப்பளம் காயும், காய் நறுக்குவதும் நடக்கும். எழுத்துக்கு மேலே கத்தி படக்கூடாது என்று துணியால் துடைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தையல்நாயகி வேலையைத் தொடங்குவாள். எழிலும் அப்படியே செய்வாள்.

உயிரெழுத்து முடிந்தது. கானா வரிசை முடிந்தது. பிள்ளை நிதானம். ஆனால் ஏறினது இறங்காது.

இந்த நடுவில் அருண்ராஜ் மறுமணம் செய்துகொண்டான். தையல்நாயகி தடுக்கவில்லை. தாலி எடுத்துக் கொடுத்ததே அவள்தான். வந்தவள் சத்யப்ரியா, பி.காம் படித்தவள், வண்டலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். சிற்றன்னை என்றால் குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று தெருவே காத்திருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. வரும்போதெல்லாம் எழிலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பொறுமையாகச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள் இரண்டு பேரும் எழிலைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வண்டலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

"இந்த வருஷம் வேணான்னுட்டாங்கக்கா" என்றான் அருண்ராஜ். "ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு எழுத்துக்கூட்டியாவது படிக்கணுமாம். மிஸ் ஒரு அட்டையக் காட்டி, படிம்மான்னாங்க. இவ மிஸ்ஸோட வளையலையே பாத்துகினு நிக்கறா."

"அவளக் கொற சொல்லாதீங்க. புது எடம், பயந்துட்டா" என்றாள் சத்யப்ரியா. பிறகு தையல்நாயகியைப் பார்த்து, "அக்கா, ஏ பி சி டி நான் வரப்பல்லாம் சொல்லித் தரேன். தமிழ் நீங்க ஆரம்பிச்சிருக்கீங்க, நீங்களே முடிச்சிடுங்க. ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா கொழந்த கொழம்பிடும். அடுத்த வருஷம் படிச்சிட்டான்னா அங்கயே சேத்துடலாம். நம்ம வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம். பாவம், எத்தன வருஷம்தான் நீங்களும் கஷ்டப்படுவீங்க?"

அவள் மனசாரத்தான் சொன்னாள். தையல்நாயகி காப்பித் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள். "படிக்கலன்னா?"

"படிக்கலன்னா இன்னும் ஒரு வருஷம் இங்கதான்" என்று சிரித்தான் அருண்ராஜ்.

அவர்கள் போனபிறகு விளக்கேற்றினாள். கும்பிட்டாள். வாய் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் அந்த ஒரு சொல்லிலேயே நின்றது. படிக்கலன்னா இங்கதான்.

அடுத்த வாரம் சானா வரிசை முடிந்தது. எழில் கல்லைத் துடைத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் இல்ல. அவ்ளோதான்."

"பக்கத்து வூட்டு ஏஞ்சலக்கா புக்குல இன்னும் நெறைய எழுத்து கீதே?"

"இருக்கு. எனக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது?"

"எங்க டீச்சரு அவ்ளோதான் சொல்லித் தந்தாங்க. நான் அஞ்சாவதுதான?"

எழிலின் முகம் சுருங்கியது. "அப்ப உன் பேரையே உனக்குப் படிக்கத் தெரியாதா பெரிம்மா?"

"தெரியாது கண்ணு."

கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்த சேட்டு இதைக் கேட்டுவிட்டார். பிள்ளை வெளியே ஓடினதும் ஈரக் கையோடு உள்ளே வந்தார். அவருக்குக் கையெழுத்துக்கு மேலே ஓர் எழுத்தும் தெரியாது. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையிலிருந்து கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் வரை படித்துச் சொல்வது அவர் பெண்சாதிதான்.

"இன்னா நாயகி இது? போன மாசம் மாரியோட பொண்ணு கல்யாணப் பத்திரிகைய கடகடன்னு படிச்சது யாரு, நானா?"

"சும்மா இருங்க. ஒரு வருஷம்தான்."

"சாமி கும்புட்ற வாயி" என்றார் சேட்டு. அதற்குமேல் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. வேலைவிட்டு வந்ததும் முதுகில் ஏறி உட்கார்ந்து, தலையிலிருந்து சிமெண்டுத் தூளைத் தட்டிவிடுகிற பிள்ளை அவருக்கும்தானே பிள்ளை? அந்த வாரமே இன்னொரு பத்திரிகை வந்தது. எழில் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். "படிச்ச வூட்டுக்காரம்மா இருக்கும்போதே டீக்கடைல படிக்க வேண்டிதா கீது. பேஜாரு" என்று முணுமுணுத்தார்.

ஆடி மாதத்தில் ஒன்றைத் தையல்நாயகி கவனித்தாள். சாயங்காலம் தோசை வார்த்தால் எழிலின் தட்டு சீக்கிரம் காலியாகிறது. இன்னொன்று கேட்கிறாள். அதுவும் காலி. பிள்ளைக்குப் பசி எடுக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வார்த்துப் போட்டாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தால், தோசையைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு எழில் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறாள். அங்கே சுந்தர்சிங் பெண் ஏஞ்சல், மூன்றாவது படிக்கிறவள், படிக்கட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"மொதல்ல தோச. அப்புறம் எழுத்து" என்றாள் ஏஞ்சல்.

"நேத்து சொன்னது மறந்துட்சுக்கா. அதையும் சேத்து சொல்லு."

"அதுக்குத் தனி தோச."

தையல்நாயகி சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே, தான் மூடின கதவைப் பிள்ளை வேறு பக்கமாகத் திறந்துவிட்டதே என்று பயந்தாள்.

ஆனால் பிள்ளை எதற்காகத் திறந்தாள் என்பது அன்று விளக்கு வைத்த பிறகுதான் தெரிந்தது. எழில் மாவுத்தண்ணிக் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்து மேடைமேல் வைத்தாள்.

"பெரிம்மா, ஒக்காரு. கை கட்டு."

"எதுக்குடி?"

"பேசக் கூடாது. வாய்மேல வெரல் வை." விரலை நனைத்துக் கல்லில் எழுதினாள். இரண்டு பேரும் காய்வதற்குக் காத்திருந்தார்கள். கோணலாக ஓர் எழுத்து மேலே வந்தது.

"இது டானா. உங்க டீச்சரு சொல்லித் தரல இல்ல? நான் சொல்லித் தரேன். அழாத, இன்னா? தானா வந்தா உன் பேரு வந்துடும்."

தையல்நாயகி அழுததை எழில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். முதுகில் தட்டிக்கொடுத்தாள். "ஏஞ்சலக்கா கொட்டுவா. நான் உன்னக் கொட்ட மாட்டேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாடம் தலைகீழாக நடந்தது. எழில் ஒவ்வொரு எழுத்தாகத் தோசை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து பெரியம்மாவுக்குக் கொடுத்தாள். பெரியம்மா மட்டமான மாணவி. டானாவை ரானா என்பாள். னானாவுக்கு ஒரு சுழி அதிகமாகப் போடுவாள். "பரவால்ல, மறுபடியும்" என்பாள் எழில். சேட்டு கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "இன்னா வாத்தியாரம்மா, ஒங்க ஸ்டூடண்டு தேறுமா?" என்று கேட்பார். "கஷ்டம் பெரிப்பா. மண்டையில ஏறவே மாட்டேன்னுது" என்று பெரிய மனுஷி போலப் பெருமூச்சு விடுவாள்.

அந்த மாதங்கள்தான் தையல்நாயகியின் வாழ்நாளில் நல்ல மாதங்கள் என்று சொல்ல வேண்டும். நல்லது எல்லாம் சுத்தமாகக் கிடைப்பதில்லை. சத்யப்ரியா பிள்ளையாண்டிருந்ததால் அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அருண்ராஜ் மட்டும் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் பைக்கை நிறுத்தாமலே கேட்பான். "படிக்கிறாளாக்கா?"

"மெதுவாத்தான் வருதுப்பா."

அவன் தலையாட்டிவிட்டுப் போவான். ஒரு தடவை எழில் பக்கத்திலேயே நின்றாள். "எங்க, எதுவரைக்கும் வந்திருக்க?" என்று அருண்ராஜ் மகளைக் கேட்டான்.

"சானா வரைக்கும்" என்றாள் எழில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பைக் போனதும் தையல்நாயகி குனிந்து கேட்டாள். "ஏண்டி அப்பிடி சொன்ன? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே?"

"தெரிஞ்சா அப்பா கூட்டிகினு பூடுவாரே? நான் பூட்டா உனக்கு யாரு சொல்லிக் குடுப்பா? உனக்கு வர்ற வரைக்கும் நான் எங்கியும் போ மாட்டேன்."

அவ்வளவுதான். இனி ஒன்றும் செய்ய வேண்டாம். தெரியாதது போலவே இருந்துவிட்டால் போதும். பிள்ளை தானாகவே இங்கே இருந்துவிடும். கேட்டுக்கொண்டு நின்றபோது தையல்நாயகிக்கு முதலில் வந்தது ஆசை. அதற்குப் பிறகுதான் சுருக்கென்றது. வாயே திறக்காத பிள்ளைக்கு வாயைக் கொடு என்று கேட்டு வாங்கி, அந்த வாயில் பொய்யை வைத்துவிட்டோமே என்று நினைத்தாள். நினைத்தாளே ஒழிய, விட மனசு வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது.

தை வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். எழிலைக் கையில் பிடித்துக்கொண்டு அம்பாள் சந்நிதியில் வரிசையில் நின்றாள். அண்ணாந்து பார்த்த எழில், மேலே எரிகிற டியூப் லைட்டில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள். "உ-ப-யம். சு-ப்-பு-லட்-சு-மி கு-டும்-பத்-தார்." அடுத்த லைட்டுக்குப் போனாள். "உபயம். வடிவேலு அன் சன்ஸ்." முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "அட, யாரு வீட்டுப் பாப்பா? பாட்டு மாதிரி படிக்குதே!" என்றாள்.

தையல்நாயகிக்கு அம்பாள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள். இவள் சொன்ன புடவை இன்னும் கடையில்தான் இருக்கிறது. சாத்தினால், பிள்ளை படிக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

வரிசை நகர்ந்து சந்நிதிக்கு நேரே வந்தார்கள். எழில் கண்ணை இறுக மூடி, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பெரியம்மா எப்படிச் சத்தமாக வேண்டுவாளோ அப்படியே வேண்டினாள்.

"சாமி, எங்க பெரிம்மாவுக்குப் படிப்பு வரணும். அவங்க ரொம்ப நல்லவங்க, மண்டையிலதான் ஏற மாட்டேன்னுது. வந்துட்சினா என் பாசிமணிய உனக்குக் குடுத்துடறேன்."

குருக்கள் தீபத்தட்டோடு நின்று சிரித்தார். "நல்ல பிரார்த்தனைதான், போ" என்று அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

தையல்நாயகி பிராகாரத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். மனுஷர்களிடம் சொன்ன பொய்யை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பொய்யை உண்மை என்று நம்பி, ஒரு குழந்தை அவளுக்காகச் சாமியிடம் கையேந்தி நிற்கிறது. அம்பாள் அதைக் கேட்டுக்கொண்டு என்ன செய்வாள்? இருக்கிற படிப்பை மறுபடியும் எப்படிக் கொடுப்பாள்?

அடுத்த வெள்ளி அரக்குக் கரைப் புடவை வாங்கிச் சாத்தினாள். அன்றே கடைத்தெருவில் ஒரு ரூபாய் போன் பெட்டியில் காசு போட்டு அருண்ராஜைக் கூப்பிட்டாள்.

"புள்ள நல்லாப் படிக்குதுப்பா. பேப்பரே படிக்குது. வந்து பாரு."

"நெஜமாவாக்கா? ரொம்ப தேங்க்ஸ்க்கா! எல்லாம் நீங்கதான்" என்றான் அவன். அந்தச் சந்தோஷத்தைக் காதில் வாங்கிக்கொண்டே போனை வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சேட்டிடம் சொன்னாள். அவர் சாந்துக் கரண்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நல்லது" என்றார். பிறகு அதே கரண்டியை வெகுநேரம் தேய்த்தார்.

சித்திரையில் பள்ளிக்கூடத்தில் எழில் கேட்டதையெல்லாம் படித்தாள். இடம் கிடைத்துவிட்டது. சத்யப்ரியாவுக்கு மாசியிலேயே ஆண் குழந்தை பிறந்திருந்தது. தம்பிப் பாப்பாவைப் பார்க்கிற ஆசையில், போய்விட்டு வருவதற்கெல்லாம் எழில் சரி என்றாள். ஒரேயடியாகப் போவது என்று அவளுக்கு விளங்கினது, வைகாசிக் கடைசியில் அருண்ராஜ் பைக்கில் வந்து பையை மாட்டினபோதுதான்.

கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நான் வர மாட்டேன். பெரிம்மாவுக்கு இன்னும் படிக்க வரல."

"பெரிம்மாவுக்கா?" அருண்ராஜ் சிரித்துவிட்டான். "இன்னாடி ஒளர்ற? உங்க அம்மாவுக்கே எழுத்து—"

சேட்டு அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். "சகல, கொஞ்சம் இரு."

அருண்ராஜ் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்து, வாயை மூடிக்கொண்டான்.

தையல்நாயகி பிள்ளை முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு வந்துட்சி கண்ணு. நீ சொல்லிக் குடுத்தது வந்துட்சி."

"பொய்யி. நேத்துகூட லானாவ தப்பா போட்ட."

"இல்ல. வந்துட்சி."

"அப்ப அதப் படி." எழில் எதிர்ச் சுவரைக் காட்டினாள். அந்தச் சுவர் முழுக்க நீலச் சாயத்தில் மனை விற்கிறவர்கள் எழுதிவைத்த விளம்பரம். "நான் சொல்ல மாட்டேன். நீயேதான் படிக்கணும். தப்பு விட்டா நான் போ மாட்டேன்."

தையல்நாயகி எழுந்து நின்றாள். தெரு வெயிலில் கண் கூசியது.

"வீட்டு மனைகள் விற்பனைக்கு" என்று படித்தாள். "சுவையான குடிநீர். தார்ச்சாலை. மின்சார வசதி." ஒவ்வொரு சொல்லுக்கும் எழிலின் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. "பேருந்து நிலையம் ஐந்து நிமிட நடை தூரம்."

"ஆமா, ஓடுனா" என்றார் சேட்டு. யாரும் சிரிக்கவில்லை.

இன்னும் ஒரு வரி இருந்தது. தையல்நாயகி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஓர் எழுத்தைப் புரட்டிச் சொன்னால் போதும். பை இறங்கிவிடும். பைக் தனியாகப் போய்விடும். எழில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூடவே இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டபடி வைத்திருந்தாள். அந்தக் கும்பிடு, பெரியம்மாவுக்கு வந்துவிட வேண்டுமே என்கிற கும்பிடு.

"பிள்ளைகள் படிக்க நல்ல பள்ளிக்கூடம் அருகில் உள்ளது" என்று தையல்நாயகி ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

"வந்துட்சி!" எழில் குதித்தாள். "அப்பா, பெரிம்மாவுக்கு வந்துட்சிப்பா! நான்தான் சொல்லிக் குடுத்தேன்! தோச குடுத்து ஏஞ்சலக்காகிட்ட கத்துகினு வந்து நான்தான்…" பைக்கில் ஏற்றி உட்கார வைத்தபோதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெரு திரும்புகிற வரைக்கும் தகப்பன் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு போனாள். பெரியம்மாவுக்குக் கையசைக்க மறந்துவிட்டாள்.

மாடம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ஒன்றும் சீமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் அருண்ராஜ் சொன்னான். இரண்டு ஞாயிறு வந்தான். பிறகு ஷிப்ட் மாறிவிட்டது, கைக்குழந்தைக்குச் சளி, பரீட்சை. யார் மேலும் குற்றம் இல்லை. தன் பழைய செல்போனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் சாயங்காலம் எழில் கூப்பிடுவாள். எடுத்ததும் முதல் கேள்வி, "பெரிம்மா, இன்னிக்கு இன்னா படிச்ச?"

அதற்காகவே தையல்நாயகி எதையாவது படித்து வைப்பாள். கேம்ப் ரோட்டுக்கு அரிசி வாங்கப் போனால் கடைப்பலகை, பஸ் பலகை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடப்பாள். பெரியதாக ஒன்று கிடைத்துவிட்டால் வீடு வருகிற வரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவாள். போனில் சொன்னால், "வெரிகுட்! தப்பே இல்ல" என்று அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்கும்.

ஆவணிக்குப் பிறகு போன் குறைந்தது. நவராத்திரிக்கு ஒரு தடவை கூப்பிட்டாள். பேச்சு மாறியிருந்தது. பெரிம்மா போய்ப் பெரியம்மா ஆகியிருந்தது. மிஸ்ஸைப் பற்றிச் சொன்னாள், தம்பி தவழ்கிறான் என்றாள், பள்ளிக்கூட வேன் டிரைவர் அண்ணாவைப் பற்றிச் சொன்னாள். தையல்நாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள். சேலையூரில் புதிதாக வைத்த ஒரு கண்ணாஸ்பத்திரிப் பலகையை அன்று முழுசாகப் படித்து வைத்திருந்தாள். கேட்டதும் சொல்ல வேண்டும் என்று நுனி நாக்கில் இருந்தது.

"சரி பெரியம்மா, வச்சிடட்டுமா? ஹோம்ஒர்க் இருக்கு."

"வை கண்ணு. நல்லாப் படி."

சேட்டு சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுச்சா?"

"இல்ல. மறந்துட்டா போல. கொழந்ததான?"

அவர் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். "இன்னா படிச்ச இன்னிக்கு? என்னாண்ட சொல்லு. எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

தையல்நாயகி அந்தப் பலகையில் இருந்ததைச் சொன்னாள். கண்புரை என்று சொன்னாள், இலவசப் பரிசோதனை என்று சொன்னாள், காலை எத்தனை மணி, மாலை எத்தனை மணி என்று சொன்னாள். சேட்டு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. வாசலில் யாரோ பாத்திரத்தை வைத்து, "மாவுக்காரம்மா!" என்று கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.